பெட்ரோல் முள்

சுவா நகரத்துக்குப் போகும் சாலையில் நபுவாவைத் தாண்டியதும் வண்டிகள் மறுபடி நின்றுவிட்டன.

மழை வலுத்திருந்தது. கண்ணாடிகளை ஏற்றியிருந்தும் சஞ்சேஷ்னி ஏசி போடவில்லை. மூன்று பேரின் மூச்சும் கண்ணாடியில் படிந்து, முன்னால் நின்ற பஸ்ஸின் சிவப்பு விளக்கு மட்டும் மங்கலாகத் தெரிந்தது.

பக்கத்தில் அவள் கணவன் விம்லேஷ். அவனுடைய பிக்கப் வண்டி ரிப்பேருக்காகப் பட்டறையில் கிடந்ததால் இன்று இந்தச் சின்னக் காரில், முழங்கால்கள் முட்ட உட்கார்ந்திருந்தான். பின்னால் பள்ளிச் சீருடையில் மகள் பிரிஷா.

பஸ் நகர்ந்தது. சஞ்சேஷ்னி உடனே கிளம்பவில்லை. முன்னால் நல்ல இடைவெளி விழும்வரை பொறுத்திருந்து, பிரேக்கிலிருந்து மெல்லக் காலை எடுத்தாள். ஆட்டோமேட்டிக் கார் தானாக ஊர்ந்தது. ஆக்ஸிலரேட்டரை அவள் தொடவேயில்லை. ஊர்ந்துகொண்டே போய் பஸ்ஸை நெருங்குவதற்குள் பஸ் அடுத்து நகர்ந்துவிடும். இவளும் நிற்க வேண்டியதில்லை.

பின்னாலிருந்து ஹாரன்.

"எடுடி! ஒரு மினிபஸ் உள்ள பூந்துட்டான் பாரு."

"போகட்டும்ங்க. ஓடிப்போய் பிரேக் அடிச்சா பெட்ரோல்தான் வீணாகும்."

"கஞ்சப் பிசினாறி." அவன் சிரித்தான். "போடுறவன் நான். உனக்கென்ன வலிக்குது?"

போடுகிறவன் அவன்தான். திங்கட்கிழமை தோறும் அவனே பெட்ரோல் பங்கிலிருந்து கேனில் ஒரே அளவு வாங்கிவந்து ஊற்றுவான். வீடு, பள்ளிக்கூடம், ஆபீஸ், வீடு. அதற்குமேல் இந்தக் கார் எங்கே போக வேண்டும் என்பான். அவள் சம்பளமும் அவன் கணக்குக்குத்தான் போகிறது.

மிச்சம் பிடிக்கும் வித்தையை நெரிசல்தான் அவளுக்குக் கற்றுக்கொடுத்தது. டயரில் காற்றைக் குறையவிட மாட்டாள். டிக்கியில் கிடந்த கனமெல்லாம் இறக்கிவிட்டாள். வெயிலில் வெந்தாலும் ஏசியைத் தொடமாட்டாள். ஆபீஸில் கூட வேலை பார்க்கும் மெரெசெய்னி அவளை ஆமை என்றுதான் கூப்பிடுவாள்.

"வேகுது," என்று விம்லேஷ் கையை நீட்டி ஏசியைத் திருகினான்.

இஞ்சின் சத்தம் கனத்தது. அவள் பார்வை பெட்ரோல் முள்ளுக்குப் போய்த் திரும்பியது.

நீட்டிய கையோடு அவன் அப்படியே குனிந்தான்.

"என்னடி இது, முள் இவ்வளவு மேல நிக்குது?"

அவள் சாலையையே பார்த்தாள்.

"வாரக் கடைசி ஆச்சு. கீழயில்ல இருக்கணும்? பிள்ளைய ஸ்கூல்ல விடுறியா, இல்லையா?"

"விடுறேன்ங்க. மெதுவா ஓட்டுறேன்ல, அதான்."

அவன் அவள் முகத்தைப் பார்த்தான். பின்னால் திரும்பி மகள் முகத்தைப் பார்த்தான். பிரிஷா மடியிலிருந்த சாப்பாட்டுப் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏய், உங்கம்மா வேற யாரையாச்சும் பெட்ரோல் போடச் சொல்றாளா?"

"இல்ல டாடி."

அவன் முன்னால் திரும்பி உட்கார்ந்தான். பிறகு தொடையில் தட்டினான். "நல்லதாப் போச்சு. அப்போ இனிமே போடவே வேண்டாம். இது தீரட்டும், அப்புறம் பாதி போட்டாப் போதும். இவ்வளவு நாள் என்னை ஏமாத்தியிருக்க."

அவன் முகத்தில் சிரிப்பு இருந்தது. அந்தச் சிரிப்பு அவளுக்குத் தெரியும்.

இறக்கத்தில் வால்பே ரவுண்டானா வரைக்கும் வண்டிகள் ஒட்டிக்கொண்டு நின்றன. இடப்பக்கம் நகரமும் பள்ளிக்கூடமும். வலப்பக்கம் லாமி சாலை. அதில் கொஞ்ச தூரத்தில் அவன் வேலை பார்க்கும் மரக்கடை.

"நான் நடந்தே போறேன். நீ மனுஷன் நடக்கிறதைவிட மெதுவாப் போற." குடையை விரித்துக்கொண்டு இறங்கினான். கதவைச் சாத்துமுன் மறுபடியும் குனிந்து முள்ளைப் பார்த்தான். "சாயங்காலம் எங்க நிக்குதுன்னு பாக்குறேன்."

கதவு மூடியது.

அவள் ஏசியை அணைத்தாள். கைகள் ஸ்டியரிங்கை விடவில்லை. வரிசை ஊர்ந்து ஊர்ந்து ரவுண்டானாவுக்கு வந்தது.

இடப்பக்கம் ஒடிக்க வேண்டும். அவள் ஒடிக்கவில்லை. சுற்றிக்கொண்டு வலப்பக்கம் போனாள்.

லாமி, நவுவா, அதற்கப்பால் கடலோரமாக நீண்டு போகும் சாலை. அதில் வெகுதூரம் போனால் சிங்கடோகா, அங்கே அவள் அக்கா. முள் இன்னும் ஏறட்டும், வழியில் எங்கும் நிற்காமல் போய்விடலாம் என்றுதான் இத்தனை மாதமும் காத்திருந்தாள். மாற்றுத் துணி எடுக்கவில்லை. அக்காவுக்குச் சொல்லவில்லை. யாருக்குமே சொல்லவில்லை.

இருக்கிற பெட்ரோல் போதுமா என்று தெரியாது. சாயங்காலம் என்று ஒன்று வந்துவிட்டால் போதவே போதாது என்பது மட்டும் தெரியும்.

முன்னால் ஒரு லாரி நின்றது. அவளும் நிற்க வேண்டியதாயிற்று.

இடப்பக்க ஓரமாக, காருக்குக் கொஞ்சம் முன்னால், விம்லேஷ் நடந்துகொண்டிருந்தான்.

லாரி நகர்ந்தது. இவளும் நகர்ந்தாள். சுவாவில் இதே மாதிரி வெள்ளைக் கார்கள் ஏராளம். பின்னால் கேட்கும் சத்தத்துக்கு அவன் திரும்பிப் பார்க்காமலிருந்தால் போதும். கார் அவன் பக்கத்தில் வந்தபோது தேங்கிய தண்ணீர் தெறிக்க, அவன் திட்டிக்கொண்டே குடையைக் காரின் பக்கம் சாய்த்துக்கொண்டான். கறுப்புத் துணி இடப்பக்க ஜன்னல் முழுவதையும் ஒரு கணம் மறைத்துவிட்டு விலகியது.

மரக்கடை வாசல் போனது. பாலம் போனது.

பிள்ளை ஏதாவது கேட்பாள், பள்ளிக்கூடம் அந்தப் பக்கம் என்பாள், என்ன சொல்வது என்று நினைத்தபடி சஞ்சேஷ்னி கண்ணாடியில் பின்னிருக்கையைப் பார்த்தாள்.

இருக்கையில் யாரும் இல்லை.

கீழே, கால் வைக்கும் இடத்தில், பையைத் தலைக்குமேல் வைத்துக்கொண்டு சுருண்டு கிடந்தாள் பிரிஷா.

"மம்மி," என்றாள் மிக மெல்லிய குரலில். "டாடியத் தாண்டிட்டோமா?"