இரண்டாவதாகக் கண்டவள்

“மேடம், போச்சு. எல்லாம் போச்சு. முந்திட்டாங்க!”

திறந்த மடிக்கணினியை அப்படியே தூக்கிக்கொண்டு பேராசிரியையின் அறைக்குள் வந்தாள் ஆய்வு மாணவி. ஆய்வகத்தில் அவளுக்கு ‘ஊசி’ என்று பட்டப்பெயர். நுண்ணோக்கியின் கீழ் செடியின் இளம் இலைகளை ஊசிமுனையால் ஒவ்வொன்றாக விலக்கி, உள்ளே ஒளிந்திருக்கும் குருத்தைச் சேதமில்லாமல் வெளிக்கொண்டுவருவதில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. அந்தத் திறமையோடு கழுத்து வலியும் சோடாபுட்டிக் கண்ணாடியும் சேர்ந்தே வந்திருந்தன.

பேராசிரியை திரையை ஒரு பார்வை பார்த்தார்.

“உட்காரும்மா.”

“எப்படி மேடம் உட்கார்றது? அதே மரபணு, அதே முடிவு. படம்கூட நம்ம படம் மாதிரியே இருக்கு.”

செடியின் குருத்து நுனியில் கண்ணுக்குத் தெரியாத கொஞ்சம் குருத்தணுக்கள் இருக்கின்றன. ஸ்டெம் செல் என்று சொல்வது இவற்றைத்தான். இலை, கிளை, பூ எல்லாமே அங்கிருந்து புறப்பட்டு வருபவை. தண்ணீரில்லாமல் செடி வாடும்போது இவை செத்துப்போவதில்லை, உறங்கிவிடுகின்றன. மறுபடி ஈரம் பட்டதும் அவற்றைத் தட்டி எழுப்புவது எந்த மரபணு? அதுதான் ஊசியின் ஆராய்ச்சி. கண்டுபிடித்தும் விட்டாள். கட்டுரை முக்கால்வாசி எழுதியாகிவிட்டது. வெண்ணெய் திரண்டு வரும் நேரத்தில் தாழி உடைந்தது. கடல் கடந்து எங்கோ ஓர் ஆய்வகம் அதையே கண்டுபிடித்து இன்று காலை வெளியிட்டுவிட்டது.

“என் பொண்ணு முதல் அடி எடுத்து வச்சதை நான் பார்க்கல மேடம். அன்னிக்கு இங்க செடிக்குத் தண்ணி ஊத்திட்டு இருந்தேன். மாமியார் கேக்கறாங்க, ‘செடி வளர்க்கவா இத்தனை படிப்பு? நம்ம வீட்டுத் தொட்டியில அதுபாட்டுக்கு வளருதே’ன்னு. கட்டுரை வரட்டும் அத்தை, காட்டறேன்னு சொல்லிட்டு இருந்தேன். இப்ப என்னத்தைக் காட்டறது?”

பேராசிரியை ஆறிப்போன காபியை எடுத்து, குடிக்காமலே திரும்ப வைத்தார். கண்களுக்குக் கீழே கருவளையம். சில வாரங்களாகவே அவர் அப்படித்தான் இருந்தார். பேசிக்கொண்டே இருப்பார், பாதியில் நிறுத்திவிட்டு ஜன்னலைப் பார்ப்பார். ஓய்வு பெறும் வயசு, மனசு விட்டுப்போச்சு என்று ஆய்வகத்தில் பேசிக்கொண்டார்கள்.

“உங்களுக்குக் கோபமே வரலையா மேடம்?”

“அசதியாத்தான் இருக்கு.” கண்ணாடியைக் கழற்றி முகத்தைத் தேய்த்துக்கொண்டார். “உன் பட்டத்துக்கு ஒண்ணும் ஆகாது. நாமளும் வெளியிடுவோம். ரெண்டு இடத்துல ரெண்டு பேர் தனித்தனியா கண்டா, கண்டது நிஜம்னு ஆகுதில்லையா?”

“ரெண்டாவதா வர்றவளுக்குச் சொல்ற ஆறுதல் மேடம் அது. வேலை குடுக்கறவங்க முதல்ல வந்தது யாருன்னுதான் பார்ப்பாங்க.”

“அங்கேயும் ஒருத்தி இதே மாதிரி கழுத்து வலியோட உட்கார்ந்திருந்திருப்பா.”

அவளுக்காகப் பரிதாபப்பட நீங்க இருக்கீங்க, எனக்கு யாரு இருக்காங்க என்ற கேள்வி ஊசியின் வாய் வரை வந்தது. விழுங்கிக்கொண்டாள். இத்தனை வருஷத்தில் இந்த அம்மாள் தன்னிடம் ஒருநாள்கூடக் குரலை உயர்த்தியதில்லை. அவரிடம் கத்தி என்ன ஆகப்போகிறது? ஆனாலும் யாரையாவது திட்டித் தீர்க்காவிட்டால் அழுதுவிடுவாள் போலிருந்தது.

ஆள் அகப்பட்டான். எந்த ஆய்வுக் கட்டுரையும் அச்சேறுவதற்கு முன்னால் அதே துறை நிபுணர் ஒருவரிடம் ரகசியமாகப் போகும். அவர் படித்துப் பார்த்து, சரி என்று சொன்னால்தான் வெளிவரும். அவர் யார் என்பது எழுதினவருக்கும் தெரியாது, ஊருக்கும் தெரியாது.

“எல்லாம் அந்த மகராசனால வந்தது!” என்றாள் ஊசி. “நம்ம கட்டுரைன்னா மாசக்கணக்கா இழுத்தடிப்பாங்க. இதுக்கு மட்டும் போன கையோட ஒப்புதல் குடுத்திருக்கான் பாருங்க. கொஞ்சம் சோம்பேறியா இருந்திருக்கக் கூடாதா? அவன் கைல கட்டை முளைக்க!”

பேராசிரியையின் உதட்டில் லேசாகச் சிரிப்பு வந்து போனது.

“சரி, அந்த இடத்துல நீ இருந்திருந்தா என்ன பண்ணியிருப்பே?”

“நானா? பெட்டியில வச்சுப் பூட்டியிருப்பேன். காய்ச்சல், முதுகு வலி, வீட்ல விசேஷம்னு சாக்கு சொல்லியே ஓட்டியிருப்பேன். நம்ம கட்டுரை வெளிய வந்தப்புறம், நிதானமா, ‘பிரமாதம், ஆனா இது ஏற்கெனவே தெரிஞ்ச விஷயம்தானே’ன்னு ஒரு வரி. யாருக்குத் தெரியப்போகுது?”

“யாருக்கும் தெரியாது” என்றார் பேராசிரியை.

கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டு ஜன்னலைப் பார்த்தார். பக்கத்து அறையில் செடிகளுக்கான விளக்குகள் சன்னமாக இரைந்துகொண்டிருந்தன. ஊசி மூக்கை உறிஞ்சிக்கொண்டு மடிக்கணினியை மூடினாள்.

“எனக்கும் முதல்ல அதேதான் தோணிச்சு” என்றார் அவர், அவள் முகத்தைப் பார்க்காமல். “அவங்க கட்டுரையைப் பாதி படிக்கும்போதே புரிஞ்சுபோச்சு, இது நம்மளோடதேதான்னு. ராத்திரி பூரா உன் முகம்தான் கண்ணு முன்னாடி. விடிஞ்சதும் எழுந்து, ‘தாராளமா வெளியிடலாம்’னு எழுதி அனுப்பிட்டேன்.”