முள்பூ வைத்த நாற்காலி

ஆஷ்கோம்ப் கிராமத்துக்குப் பேருந்தில் சுற்றிப்பார்க்க வருகிறவர்கள் தவறாமல் நுழையும் இடம் பழைய பிரபு மாளிகை. அங்குள்ள பழங்கால நாற்காலிகளில் யாரும் உட்கார்ந்துவிடக் கூடாதென்று ஒவ்வொன்றின் மேலும் ஒரு காய்ந்த முள்பூவை வைத்திருப்பார்கள். உட்காராதே என்று சொல்வது அந்த ஊரில் அநாகரிகம். குத்துவது அப்படியல்ல.

ஜன்னலோர நாற்காலியின் முள்பூ மட்டும் தினமும் காலையில் தரையில் கிடந்தது. மெத்தையில் ஆள் உட்கார்ந்த பள்ளம் இருந்தது. பழி, அந்த அறையைப் பார்த்துக்கொள்ளும் கிழவி ஹெஸ்டர் பிம் மேல் விழுந்தது.

"நீங்கதான் உக்காருறீங்க, மிஸஸ் பிம். இன்னொரு தடவை நடந்தா வீட்டுலயே உக்காந்துக்கலாம்," என்றான் புது மேலாளர் கிளைவ்.

"என் முட்டியப் பத்தி உங்களுக்குத் தெரியாது, தம்பி. உக்காந்தா எந்திரிக்க ரெண்டு ஆள் வேணும்."

அன்று மாலை கிளைவே அறையைப் பூட்டிச் சாவியைக் கொண்டுபோனான். மறுநாள் சுற்றுலாக் கூட்டம் பின்னால் நிற்க, அவனே திறந்தான். முள்பூ தரையில் கிடந்தது. அவன் அதை எடுத்து மறுபடியும் நாற்காலியில் வைக்கப் போனான்.

ஹெஸ்டர் குறுக்கே வந்து நின்றாள். "வைக்காதீங்க. ஆள் இருக்காங்க."

"வேலை போயிடும்!"

"போனா போகட்டும். செத்துப்போனாலும் இந்த மாளிகை எஜமானியம்மா அவங்கதான். அவங்க வீட்டுல அவங்க உக்காரக் கூடாதுன்னு சொல்ல நீங்க யாரு?"

மெத்தையின் பள்ளம் மெல்ல எழும்பிச் சமமானது. கூட்டம் இரண்டாகப் பிரிந்து வாசல்வரை வழிவிட்டது. ஒருவர் தொப்பியைக்கூடக் கழற்றினார்.

"எனக்காகவா எந்திரிச்சீங்க? ரொம்ப நன்றிம்மா," என்று வாசலைப் பார்த்துச் சொன்னாள் ஹெஸ்டர். கிளைவ் முள்பூவும் கையுமாக நிற்க, அந்த நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள்.