மிக்ஸிங் முடியாத பாட்டு

"பழைய கம்ப்யூட்டர் எங்கே?"

மனைவியின் முதல் கேள்வியே சுட்டது.

"எக்ஸ்சேஞ்ச்ல குடுத்துட்டேன். இது வேற கம்பெனி, ரெக்கார்டிங்குக்கு இதுதான் பெஸ்ட்டாம். ஃபைல் எல்லாம் காப்பி பண்ணிட்டேன்" என்றான் கணவன்.

"அப்போ நான் பாடினதைப் போடுங்க."

என்னென்னவோ அழுத்திப் பார்த்தான். ஒன்றும் திறக்கவில்லை. கடைக்காரனுக்கு ஃபோன் செய்து விசாரித்தான்.

"நீ பாடினதை ரெக்கார்ட் பண்ணின பழைய சாஃப்ட்வேர் இதுல ஓடாதாம். பழசை வாங்கின கடைக்காரனும் எல்லாத்தையும் அழிச்சுட்டானாம். சாஃப்ட்வேர் கம்பெனியையும் எப்பவோ மூடிட்டாங்க."

"பாட்டைத் தனியா ஒரு காப்பி எடுத்து வெச்சா என்னவாம்?"

"மிக்ஸிங் முடியலையே! அஞ்சு வருஷமா சரி பண்ணிட்டே இருந்தேன்."

"நல்லா சரி பண்ணிக் கிழிச்சீங்க!"

அவனுக்கும் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"இப்போ என்ன குடி முழுகிப் போச்சு? எவ்வளவு செலவானாலும் புது சாஃப்ட்வேர் வாங்கறேன். மறுபடியும் பாடி ரெக்கார்ட் பண்ணினா..."

சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டான்.

தொண்டை ஆபரேஷனுக்குப் பிறகு அவள் பேச்சு, சண்டை எல்லாமே கையிலிருக்கும் சிலேட்டில்தான். அதுவரை எழுதியதைப் புறங்கையால் அழித்தாள். சாக்பீஸ் உடையுமளவுக்கு அழுத்தி எழுதி, அவன் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"எந்தத் தொண்டையால?"