நூறுக்குள் நாற்பது

ரிப்போர்ட்டின் நான்காவது வரியை ஜெனிட்டா மூன்றாம் முறை படித்தாள்.

மதுரை ஆஸ்பத்திரியில் அன்று காலை வாங்கி வந்த தாள். 2008 செப்டம்பர் என்று தேதி போட்டிருந்தது. முழுக்க இங்கிலீஷ். தாயில்பட்டியில் அந்த வீட்டில் அதை வாசிக்க ஆளில்லை. பக்கத்துத் தெரு ஜெனிட்டாவைக் கூப்பிட்டிருந்தார்கள்.

"படிச்சுச் சொல்லுத்தா. அதுலயும் மருந்துன்னுதான போட்டிருக்கு?" என்றாள் ராமுத்தாய்.

மருந்து என்றால் அந்த ஊரில் வெடிமருந்து.

ராமுத்தாயின் மருமகள் மாரிசெல்வி சுவரோரம் பாயில் சுருண்டு கிடந்தாள். எட்டாம் மாதத்தில் பிள்ளை இறந்தே பிறந்து ஏழு நாள்.

"வயித்துப் பிள்ளையோட சரவெடி பின்னப் போனா. வேண்டாம்னு தலையில அடிச்சுக்கிட்டேன். சீசன் முடியட்டும், ஆர்டர் முடியட்டும்னா. இப்ப எல்லாம்தான் முடிஞ்சு போச்சே."

வாசற்படியில் மகன் செழியன் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தான். ஏழு நாளாகப் பெண்டாட்டியிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. மறுநாள் விடிந்ததும் அவளை அவள் அம்மா வீட்டில் கொண்டுபோய் விடுவதாக முடிவாகியிருந்தது.

எப்போது திரும்பக் கூட்டி வருவது என்று யாரும் பேசவில்லை.

ரிப்போர்ட்டில் வெடிமருந்து இல்லை.

லிஸ்டீரியா என்று இருந்தது. தின்பண்டத்தில் வரும் கிருமி. தாய்க்கு இரண்டு நாள் காய்ச்சலோடு போய்விடும். வயிற்றில் இருக்கும் பிள்ளையை விடாது.

ஜெனிட்டாவுக்கு அது புதுப் பெயரல்ல. தினமும் தன் கையால் எழுதும் பெயர். விருதுநகரில் ஓர் ஏற்றுமதிக் கம்பெனியின் பரிசோதனை லேபில் அவளுக்கு வேலை. பெட்டியைப் பிரித்து அப்படியே தின்கிற பண்டங்கள் கப்பல் ஏறும் முன்னால், ஒரு கிராமில் அந்தக் கிருமி எத்தனை என்று எண்ணிச் சொல்ல வேண்டும்.

எழுதுவதற்குக் கம்பெனி அச்சடித்த படிவம் உண்டு. அமெரிக்கா என்ற கட்டத்துக்கு நேராக 'இருக்கவே கூடாது'. ஐரோப்பாவுக்கு நேராக 'நூறு வரை'. கடைசிக் கட்டம் உள்ளூர்.

அதற்கு நேராக ஒரு சின்னக் கோடு.

சேர்ந்த புதிதில் அந்தக் கோட்டைப் பற்றி மேனேஜர் ஜெயச்சந்திரனிடம் கேட்டாள். "இங்கன யாரும்மா எண்ணிப் பாத்துத் திங்கிறா?" என்று சிரித்தார். அவளும் சிரித்தாள்.

போன மாதம் ஒரு லோடு தேங்காய்ப் போளி. எண்ணிக்கை நாற்பது.

அமெரிக்காவுக்குப் போக வேண்டியதை நிறுத்தினார்கள். லேபிளைக் கிழித்து வேறு லேபிள் ஒட்டினார்கள். அதே போளி, அதே நாற்பது, ஐரோப்பாவுக்குக் கப்பலேறியது. சட்டத்தில் தப்பில்லை. நூறுக்குள் நாற்பது அடக்கம்.

படிவத்தின் அடியில் பொடி எழுத்தில் இன்னொரு வரி இருக்கும். தின்னலாம் என்று பெட்டியில் போட்டிருக்கும் கடைசி நாளிலும் அந்த நூறைத் தாண்டக் கூடாது. குளிர் விட்டால் கிருமி பெருகும். ஜெனிட்டாவுக்கு அந்த வரி மனப்பாடம்.

லேபிளைக் கிழித்ததில் அட்டை கெட்டுப்போன பெட்டிகள் பத்துப் பன்னிரண்டு மிஞ்சின. நிறுத்திவைத்த பெட்டியின் மூலையில் எண்ணிக்கையை எழுதி வைப்பது லேப் வழக்கம். ஒவ்வொன்றிலும் நீலப் பேனாவில் 40. குளிர் அறையிலிருந்து ஆளுக்கொன்றாக வீட்டுக்கு எடுத்துப் போனார்கள்.

"என்னத்தா, எழுத்துப் புரியலையா?"

ஜெனிட்டா நிமிர்ந்தாள். ஒரு வார்த்தை சொன்னால் போதும். மாரிசெல்வி நாளைக்கு எங்கும் போக வேண்டியதில்லை.

அடுத்த கேள்வி வரும். அதுவும் தெரியும்.

"மருந்து இல்லம்மா," என்றாள். "இவ வேலைக்குப் போனதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. தின்ன பண்டத்துல வந்த கிருமி."

வாசற்படியில் செழியன் திரும்பினான்.

மாரிசெல்வி கையை ஊன்றி மெல்ல எழுந்து உட்கார்ந்தாள். புருஷனைப் பார்த்தாள். மாமியாரைப் பார்த்தாள். பிறகுதான் அழுதாள். ஏழு நாளில் அதுதான் முதல் அழுகை.

"எந்தப் பண்டம்க்கா?"

அவள் தலைமாட்டில் ஓர் அட்டைப் பெட்டி இருந்தது. வளைகாப்புக்குப் போட்ட கண்ணாடி வளையல்களைக் கழற்றி அதில் போட்டு வைத்திருந்தாள். ஜெனிட்டா அதை எடுத்தாள். வளையல்கள் உள்ளே சரிந்து சத்தம் போட்டன. பாதி கிழிந்த லேபிள் தெரியும்படி பெட்டியை மாரிசெல்வியின் மடியில் வைத்தாள்.

"இந்தப் போளியா? நல்லாத்தானக்கா இருந்துச்சு. அமெரிக்காவுக்குப் போற பண்டம், ஒரே நாள்ல தின்னு தீக்க மனசு வரல. தண்ணிப் பானை மேல வச்சு, நாளுக்கு ஒண்ணா அஞ்சு நாள் தின்னேன்."



மாரிசெல்வியின் விரல் லேபிளைத் தடவிக்கொண்டே போய் மூலையில், நீல மையில் நின்றது.

"வளைகாப்பு அன்னைக்கு நீங்க இதைக் கையில குடுக்கையில, இது என்ன நம்பர்னு கேட்டேன்," என்றாள். "பாஸ் மார்க்குன்னு சொன்னீகளேக்கா."