லிஃப்டில் மூன்று பேர்

நேர்முகத் தேர்வுக்குப் போனவளை லிஃப்ட் பாதி வழியில் நிறுத்தி, விளக்கையும் அணைத்துவிட்டது. செல்போன்களை வாசலிலேயே வாங்கி வைத்துவிட்டார்கள். துணைக்கு வந்த மாமா சபைப் போதகர். கும்மிருட்டிலும் பிரசங்கத்தை விடவில்லை.

“பயப்படாதம்மா, இரட்சகர் இருக்காரு.”

“மேல சொகுசா இருக்கிறவரை எப்படி மாமா நம்புறது? இங்க வந்து மாட்டிப் பார்க்கட்டும்! ஐயோ, கம்பி அறுந்துடப் போகுது!” கதவை உதைத்தாள்.

“அறுந்துடாதும்மா” என்றது பின்னாலிருந்து ஓர் ஆண் குரல்.

“நீங்களே மாட்டிக்கிட்டு முழிக்கிறீங்க, எனக்கு ஆறுதலா? வாயை மூடுங்க!” பதற்றத்தில் யார் குரல் என்று யோசிக்காமலே கத்தினாள்.

லிஃப்ட் அசைந்து கீழே இறங்கியது. விளக்கு எரிந்தது. உடம்பெல்லாம் கிரீஸோடு ஒருவர் நின்றிருந்தார்.

மாமா திகைத்தார். “நாம ரெண்டு பேர்தானே ஏறினோம்?”

“நான் மெக்கானிக்குங்க. மேல்மூடி வழியா இறங்கினேன். நீங்க போட்ட சத்தத்துல கேட்டிருக்காது.”

“ரிப்பேரை முடிச்சிட்டு அப்படியே போயிருக்கலாமே?” என்றாள்.

“கம்பி அறுந்துடும்னு அலறினீங்க. சரி பண்ணினவனே கூட நின்னா பயம் போகும்னு வந்தேன்.”

“அதை அப்பவே சொல்றதுக்கென்ன?”

“நீங்கதானே வாயை மூடச் சொன்னீங்க!”

அவள் மாமாவைப் பார்த்தாள்.

“ஞாயித்துக்கிழமை இதைச் சொல்லுங்க மாமா. நான் தூங்காம கேக்கிறேன்.”