ஒரு கிள்ளு களிமண்

ஆறாம் வகுப்பின் கண்ணாடி பீரோவுக்குள் ஒரு பித்தளைத் தராசு இருந்தது. சும்மா தராசு இல்லை, அரசு முத்திரை குத்திய தராசு. பிள்ளைகள் கைபட்டால் கெட்டுவிடும் என்று பல வருஷமாக அதைப் பூட்டியே வைத்திருந்தார்கள்.

கண்ணாடிக்கு வெளியே, ஜன்னல் கம்பியில், பிள்ளைகளே குச்சியும் நூலும் வைத்துக் கட்டிய கொட்டாங்குச்சித் தராசு தொங்கியது. எந்நேரமும் அதைச் சுற்றித்தான் கூட்டம், கூச்சல். பித்தளைத் தராசுக்கு வயிறு எரிந்தது.

"ஏய் கொட்டாங்குச்சி, போன வாரம் நீ கோணலா தொங்கினதை நான் பார்த்தேன்!"

"ஆமா அண்ணே. ஏன் சாயுதுன்னு பிள்ளைங்க ரெண்டு நாள் சண்டை போட்டாங்க. அப்புறம் அதுல ஒருத்தி, தஸ்லீமா, மேலே நின்ன பக்கம் ஒரு கிள்ளு களிமண் ஒட்டினா. சரியாயிட்டேன்."

"ஒட்டுப்போட்ட உடம்பு! நாளைக்கு பள்ளிக்கூடத்தைச் சோதிக்க அதிகாரி வரட்டும், உன் மானம் கப்பலேறும்."

மறுநாள் அதிகாரி வந்தார். டீச்சர் பீரோவைத் திறந்து பித்தளைத் தராசை மேசையில் வைத்தார். அது நெஞ்சை நிமிர்த்தி நின்றது. ஆனால் பூட்டிக் கிடந்ததில் ஒரு தட்டில் களிம்பு ஏறியிருந்தது. அந்தத் தட்டு மெல்லக் கீழே இறங்கியது.

டீச்சர் முகம் வெளிறியது. தஸ்லீமா எழுந்து வந்தாள், ஒரே பார்வை பார்த்தாள், மேலே நின்ற தட்டின் அடியில் களிமண்ணை ஒட்டினாள். தராசு நேரானது. திரும்பவும் பூட்டினார்கள்.

"இனி என்ன அண்ணே, நீங்களும் சரியாயிட்டீங்க!" என்றது கொட்டாங்குச்சி.

பித்தளைத் தராசு கண்ணாடி வழியே ஜன்னலடியில் கூடிய கூட்டத்தைப் பார்த்தது.

"உனக்கு ரெண்டு நாள் சண்டை போட்டாங்க," என்றது. "எனக்கு ஒரு நிமிஷத்துல முடிச்சுட்டாளே."