பதினேழாம் எலி

எலிகளின் ஆண்மை நரம்பை நசுக்கி, அதன்மேல் புரதம் கலந்த பசையை வைத்துத் தைப்பது ஆய்வகத்தில் ரெஜினாவின் வேலை. பசை கரையக் கரையப் புரதம் கசிந்து நரம்பைக் காப்பாற்ற வேண்டும். அவள் கணவன் அமலதாசுக்குப் புற்றுநோய் அறுவை சிகிச்சையில் அதே நரம்பு அடிபட்டிருந்தது. மனிதர்களுக்கு அந்தப் பசை இன்னும் வரவில்லை. ஐந்து மாதமாகச் சுவரைப் பார்த்தே படுத்திருந்தவன், அன்று மாலை அவள் வந்ததும் திரும்பினான்.

"நீ சொன்ன அந்தப் பதினேழாம் நம்பர் எலிக்கு என்னாச்சு?"

"சரியாயிடுச்சுங்க. முழுசா."

அவன் முகம் மலர்ந்தது. "இப்ப ஜோடியோட விட்டிருப்பீங்களே?"

நரம்பு பிழைத்ததை உறுதிசெய்ய, எலியைக் கொன்று நரம்பை அறுத்தெடுத்துப் பார்த்தாக வேண்டும். காலையில் பதினேழாம் எலியை அறுத்தவள் ரெஜினாதான். அவள் கைகளை முந்தானைக்குள் மறைத்தாள். அவன் அவற்றைத் தேடிப் பிடித்துத் தன் அடிவயிற்றின் மேல் வைத்துக்கொண்டான்.